இடது பக்கத்துப் படம்

எங்கள் மாமாவின் கல்யாணத்தைக் கெடுத்தவளும் நான்தான், நடத்திவைத்தவளும் நான்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. முதல் பாதியை அம்மா சொல்வாள். இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டுக்கும் காரணம் நான்காம் வகுப்பில் எங்களுக்கு வாய்த்த டீச்சர்.

அந்த டீச்சர் பாடத்தைப் படிக்கவே விடமாட்டார். புத்தகத்தைத் திறந்ததும் முதல் வரியிலிருந்து ராகம் போட்டு வாசிப்பதுதான் அதுவரை எங்களுக்குத் தெரிந்த படிப்பு. அவரோ பழைய காலண்டர் தாளை எடுத்து, அங்கங்கே கட்டம் கட்டமாக வெட்டி, பாடத்தின் மேல் வைத்து மூடிவிடுவார். வெட்டிய இடங்களில் தலைப்பு தெரியும். உள்தலைப்பு தெரியும். படமும் படத்துக்கு அடியில் இருக்கும் ஒற்றை வரியும் தெரியும். தடித்த எழுத்துச் சொற்கள் தனியாகத் தெரியும். மற்ற இடத்தையெல்லாம் காலண்டர் சாமி மறைத்துக்கொண்டு நிற்பார்.

"இப்ப சொல்லுங்க, இந்தப் பாடம் எதைப் பத்தி?" என்பார் டீச்சர். நாங்கள் சொல்லுவோம். அவர் தாளை எடுப்பார். படித்துப் பார்த்தால் நாங்கள் சொன்னதுதான் உள்ளேயும் இருக்கும். எங்களுக்கு ஜோசியமே கைவந்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

கதை என்றால் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும், தகவல் சொல்லும் புத்தகம் என்றால் முதலில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். பொருளடக்கத்தில் தேடு, பக்கத்தைப் பிடி, தலைப்பைப் பார், அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று பார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்று நினைக்காதே, அடியில் இருக்கும் வரியைப் படித்த பிறகு பேசு. இப்போது நானும் நான்காம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன். அதே ஓட்டைத் தாளைத்தான் வெட்டுகிறேன். அந்தச் சட்டத்தில் திருத்த வேண்டியது ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எழுத்து அச்சடித்த ஏதாவது ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி ஒருநாள் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒருவன் யூரியா சாக்கையே மடித்து எடுத்துவந்துவிட்டான். பெஞ்சு முழுக்க நெடி. நான் தைலத்தின் அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய், அதில் எது தலைப்பு, எது எச்சரிக்கை, எது படக்குறிப்பு என்று விரல் வைத்துக் காட்டிப் பாராட்டு வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு சோப்பு வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று ஒட்டியிருந்த விளம்பரத்தில், மூலையில் எறும்பு சைசில் இருந்த 'கையிருப்பு உள்ளவரை மட்டும்' என்பதை வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் நைனாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு பெரிய பேஜாருப்பா, கொஞ்ச நாளிக்கு நீயே கடைக்கு வா" என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் அப்போது கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். நைனா ரயில் நிலையத்துக்கும் சிப்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டார். எனக்குப் பென்சில் சீவித் தருவதைக்கூட ஒரு வேலையாக மதித்துச் செய்வார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம்தான் கூடிவரவில்லை.

குறை மாமாவிடம் இல்லை, ஒரு கேள்வியில் இருந்தது. மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லும்வரை பெண் வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். "பர்மனென்ட்டா?" என்று யாராவது கேட்பார்கள். மாமா காண்ட்ராக்ட் ஆள். அதே கம்பெனி, அதே அனல், அதே வேலை, ஆனால் ஆள் கம்பெனியுடைய ஆள் கிடையாது, காண்ட்ராக்டருடைய ஆள். எப்போது வேண்டுமானாலும் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஜாதகத்தில் ஏதாவது ஒன்று இடித்துவிடும். வரன்கள் வந்ததும் போனதும் இப்படித்தான். அம்மா அந்தக் கேள்வியை நினைத்தே இளைத்துப்போனாள்.

அப்படியிருக்கும்போதுதான் மாமாவின் படம் புத்தகத்தில் வந்தது.

கம்பெனியில் தொழிலாளர்களுக்குக் கொடுக்க ஒரு பாதுகாப்புக் கையேடு அச்சடித்திருந்தார்கள். தமிழ் ஒரு பத்தி, இந்தி ஒரு பத்தி, வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். அதில் ஒரு பக்கத்தில் மாமா. இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, முகம் தெளிவாகத் தெரிய, கொஞ்சம் வெட்கமாக. சட்டையைத் துவைக்கப் போட்டபோது அம்மாதான் அந்தப் புத்தகம் அவர் பையில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். மாமாவாக எதுவும் சொல்லவில்லை. "போட்டோ எடுத்தாங்கக்கா" என்றார், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தாள். அக்கம்பக்கத்தார் வந்தால் எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் விரித்து, தூரத்திலிருந்து காட்டுவாள். நைனா அட்டையில் இருந்த தலைப்பைப் படித்துவிட்டு, நல்ல புத்தகம் என்று சான்று கொடுத்தார். அம்மா என்னைத் தொடவிடவில்லை. "உன் கை எண்ணெய்க் கை" என்று விரட்டிவிட்டாள்.

யாரும் அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் கூடப்பிறந்தவன் முகம் வண்ணத்தில் இருக்கும்போது யார்தான் எழுத்தைப் பார்ப்பார்கள்? படத்தின் மூலையில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அது கம்பெனி முத்திரை என்பது அம்மாவின் முடிவு. முத்திரை குத்திய படம் என்றால் மதிப்பு இன்னும் கூடுதல் அல்லவா?

அடுத்த வரன் சோழவரத்திலிருந்து வந்தது. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். பெண் சிப்காட்டிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிறாள் என்றும், தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள் என்றும் தரகர் சொன்னார். அம்மா இந்த முறை தயாராக இருந்தாள். பூ, பழம், வெற்றிலை பாக்கோடு பையில் புத்தகமும் ஏறியது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "அது எதுக்குக்கா, வேணாம்" என்றார்.

"நீ சும்மா இரு. உனக்குப் பெருமைப்படத் தெரியல, நாங்க பட்டுக்கினு போறோம்" என்றாள் அம்மா.

அம்மாவின் கணக்கு எளிமையானது. பர்மனென்ட்டா என்று கேட்பார்கள். ஆமாம் என்று பொய் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். புத்தகத்தை எடுத்துக் காட்டினால் போதும். கம்பெனி ஒருவனைத் தன் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றால் அவன் யாருடைய ஆள் என்று அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள். வழியெல்லாம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பெண் வீட்டில் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மிக்சரும் காப்பியும் வந்தன. பெண் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உள்கதவின் ஓரமாக நின்றாள். தலை குனியவில்லை, மாமாவை ஒருமுறை நேராகவே பார்த்தாள். மாமாதான் குனிந்துகொண்டார். நிலம், மழை, ஏரியில் தண்ணீர் என்று கொஞ்சநேரம் போனது. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கே தெரிந்துவிட்டது, அந்தக் கேள்வி வரப்போகிறது.

"மாப்ள கம்பெனியில பர்மனென்ட்டுதானே?"

அம்மா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். "நீங்களே பாருங்க. கம்பெனி போட்ட புஸ்தகம்."

புத்தகம் அவர் கைக்குப் போனது. அவர் அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார். "அட, தம்பிதான். கலர்ல போட்டுக்கிறான். இப்படிப் போடறான்னா சும்மாவா?" என்றார். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மிக்சரை எடுத்தார். எல்லாம் திட்டப்படி போய்க்கொண்டிருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு தகவல் புத்தகத்தை, அதுவும் வழவழத் தாளில் வந்த ஒன்றை, இப்படியா படிப்பது? நடுவில் திறந்து, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, தலையாட்டி முடித்துவிடுவதா? டீச்சர் பார்த்திருந்தால் என்ன நினைப்பார்?

"அப்படிப் பாக்கக் கூடாது" என்றேன், எழுந்து போய். "படத்த மட்டும் பாத்தா புரியாது. கீழ இருக்கறத படிக்கணும்."

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பெண்ணின் அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "எனக்குக் கண்ணாடி உள்ள கீது. நீ படி பாப்பா, இன்னா போட்டுக்கிறான்னு கேப்போம்" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். மாமா நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் அட்டை. பிறகு பொருளடக்கம், அதில் 'பாதுகாப்பு உபகரணங்கள்' என்று ஒரு வரி, அதன் எதிரில் பக்க எண். அந்தப் பக்கம். "இது தலைப்பு. இதுல ரெண்டு படம் இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாக்கணும். ஒண்ணுக்கு ஒண்ணு இன்னா வித்தியாசம்னு காட்டத்தான் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க" என்று விளக்கினேன். சபை அமைதியாகக் கேட்டது. அவ்வளவு பெரியவர்கள் அவ்வளவு அமைதியாக என்னைக் கேட்டது அதுதான் முதல்முறை.

வலது பக்கத்துப் படத்தில் ஒரு அதிகாரி. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பளபளக்கும் கறுப்பு ஷூ. மூலையில் பச்சை வட்டத்துக்குள் சரி குறி. இடது பக்கத்துப் படத்தில் மாமா. மூலையில் அம்மாவின் முத்திரை. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருப்பது தெரிந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. சின்னத்தின் பொருளை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

"இது முத்திரை இல்லம்மா. தப்புன்னு அர்த்தம்" என்றேன். பிறகு படக்குறிப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "தவறான முறை. இத்தொழிலாளர் பாதுகாப்பு உபகரணங்கள் எதுவும் இன்றி வேலை செய்கிறார். இவரைப் போல் ஒருபோதும் செய்யாதீர்கள்." அம்புக்குறிகளையும் விட்டுவைக்கவில்லை. "ஒன்று, தலைக்கவசம் இல்லை. இரண்டு, கையுறை இல்லை. மூன்று, காலில் ரப்பர் செருப்பு."

வாசலில் நின்றிருந்த யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அம்புக்குறிகளுக்கு முன்பாவது நிறுத்தியிருப்பேன். நைனா மிக்சரை மெல்வதை விட்டுவிட்டார்.

நைனாதான் முதலில் சுதாரித்தார். "அது ஆக்டிங்குங்க. தப்பா செஞ்சா எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு ஒருத்தர் நிக்கணும் இல்ல? நம்ம ஆள நிக்கச் சொல்லிக்கிறாங்க."

"அதானே! நாடகத்துல வில்லன் வேஷம் போட்டா வில்லனாயிடுவானா?" என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பாவும் சிரித்தார். எல்லோருமே நிம்மதியாகச் சிரித்தார்கள். காப்பி டம்ளர்கள் மறுபடி கைக்கு வந்தன. நானும், ஓகோ, மாமா நடித்திருக்கிறார் என்று பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாப்பா, அதக் கொஞ்சம் குடு" என்று ஒரு குரல் கேட்டது. கதவோரத்தில் நின்ற பெண்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்க்கவில்லை. இடது பக்கத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பாவம், சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவிடம் நேராகக் கேட்டாள். "போட்டோக்காக ஷூவ அவுத்து வெச்சிட்டு நின்னீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல் எழுதியே இருந்தது.

"இல்லீங்க" என்றார் மாமா. "எங்களுக்கு ஷூ இல்ல. காண்ட்ராக்டுக்கு தர்றது இல்ல. வேலையில நின்னுக்கினு இருந்தேன். அப்படியே வந்து நில்லுன்னாங்க. நின்னேன்."

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். காண்ட்ராக்ட் என்ற சொல் விழுந்துவிட்டது. கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த வாக்கியம் எங்களுக்குப் பழக்கமானதுதான்.

பஸ்ஸில் அம்மா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். "படிச்சிக் கிழிச்சிட்டா! இவள யாரு படிக்கச் சொன்னது?" மாமா என்னை இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். "அவ இன்னாக்கா பண்ணா? இருக்கறதத்தானே படிச்சா" என்றார். எனக்கு அழுகை வந்தது. குட்டு வலித்ததற்காக அல்ல. நான் அத்தனை ஒழுங்காகப் படித்துக் காட்டியும், கடைசியில் எல்லோரும் அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்களே என்பதற்காக. காலில் ரப்பர் செருப்பு என்று மூன்றாவது அம்புக்குறியில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் அதைச் சத்தமாகவே படித்தேன். அதற்குப் பிறகும் அதையே கேட்பவளை என்ன சொல்வது?

அடுத்த வாரம் பெண்ணே அம்மாவின் போனுக்குப் பேசினாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றும், தான் பேசிச் சம்மதிக்கவைத்துவிட்டதாகவும் சொன்னாள். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "காண்ட்ராக்டுன்னு தெரிஞ்சுமா?" என்று கேட்டே விட்டாள். "நானும் காண்ட்ராக்டுதாங்க. கேட்டதுக்கு நெசத்தச் சொன்னாரு. அது போதும்" என்று பதில் வந்ததாம். அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், என்னைக் கூப்பிட்டு குட்டிய இடத்தில் ஒரு முத்தம் வைத்தாள். நான் கம்பீரமாக வாங்கிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். பழம், பூ, மஞ்சள், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. வழக்கமாக வாட்ச் இருக்க வேண்டிய தட்டில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, நல்ல காரியத்துல கால்ல போடறத கொண்டாந்து வெச்சுக்கினு" என்று முகம் சுளித்தார். உள்ளே கனமான கறுப்பு ஷூ ஒரு ஜோடி.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல" என்று பெண்ணின் அப்பா நெளிந்தார்.

வருங்கால அத்தை நிமிர்ந்தே நின்றாள். "வாட்ச் இல்லாட்டி யார்கிட்டயாவது டைம் கேட்டுக்கலாம்" என்றாள். "வேலைக்கு இதப் போட்டுக்கினு போகட்டும்."

கூட்டம் மெல்லச் சிரித்தது. மாமா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஷூவை எடுத்தார், விரல் மடக்கி அதன் முனையில் தட்டிப் பார்த்தார், திருப்பி வைத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் மாமா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. தோள் குலுங்க, துண்டை எடுத்து மூடிக்கொள்ளவும் தோன்றாமல் அழுதார்.

எனக்குக் காரணம் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். மேலே பெயர். பக்கவாட்டில் ஷூவின் படம். விரல் இருக்கும் இடத்துக்கு ஒரு அம்புக்குறி, உள்ளே இரும்பு என்று. எண்ணெயில் வழுக்காது என்பதற்கு ஒரு குட்டிப் படம். அடியில் விலையும் அளவும். தலைப்பு, படம், குறிப்பு, சின்ன எழுத்து, எதையும் விடவில்லை. அழும்படியாக எங்கேயும் எதுவும் போட்டிருக்கவில்லை. அளவுதான் தப்பாகிவிட்டதோ என்னவோ என்று, பெட்டியின் ஓரத்தில் இருந்த எண்ணை அவர் காதருகே போய்ச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.